இறந்தவரின் முகமும் இறப்பின் காரணமும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் எங்கள் பதுளை மாவட்டத்து இளைஞர்களிடம் தியத்தலாவைக் கார்ப் பந்தயம் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். இராணுவப் பயிற்சிக் கல்லூரி இருக்கும் அந்த ஊரில், பொக்ஸ்ஹில் என்னும் மேட்டில், மண் பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் புழுதி பறக்க ஓடும். ஓரத்து மேடுகளில் ஏறி நின்று சனம் பார்க்கும். கொஸ்லந்தை, மீரியபெத்த பக்கத்தில் இருந்து போவதென்றால் பெரகலைச் சந்திக்கு ஏறி ஹப்புத்தளை வழியாகப் போய்விடலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும் பெரிய வேடிக்கைகளில் அதுவும் ஒன்று.

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைந்த நாளும் அதுவே. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த பொக்ஸ்ஹில் பந்தயம் அன்று மீண்டும் நடந்தது. ஒரு கார் பாதையில் கவிழ்ந்தது. பின்னால் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் பந்தயப் பாதையில் கடமையில் நின்ற உதவியாளர்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இறந்தாள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்தக் காட்சி மலையகத்துக் கைத்தொலைபேசிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. நானும் பார்த்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை விரலை வைக்கப் போனபோதுதான் அந்தச் சிறுமியின் தாயின் நினைவு வந்தது. இதே காட்சி அவளுடைய தொலைபேசிக்கும் வரும் அல்லவா? யாரோ ஒருவர் என்ன ஏதென்று யோசிக்காமல் அவளுக்கும் அனுப்பி வைப்பார் அல்லவா?

போரைக் கண்ட எங்கள் வாசகிகளுக்கு இந்தக் கேள்வி புதியது அல்ல. தன் பிள்ளையின், கணவனின், சகோதரனின் கடைசிக் கோலம் எவரோ எடுத்த படமாக ஊர் ஊராகச் சுற்றுவதைக் கண்டு குன்றிப்போன பெண்கள் எங்களிடையே உண்டு. அதே பெண்கள்தான் "எப்படி இறந்தான்? யார் காரணம்? சொல்லுங்கள்" என்று படியேறிப் படியேறிக் கேட்பவர்களும். படத்தைக் காட்டாதே என்பதும் உண்மையைச் சொல் என்பதும் ஒரே வாயில் இருந்து வருகின்றன. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சிலர் சொல்லக்கூடும். முரண் இல்லை என்பதைக் காட்டும் கதை ஒன்று கார்ப் பந்தய உலகத்திலேயே இருக்கிறது. பந்தய ஓட்டுநர் ஒருவரும், அவருக்கு முன்னர் இறந்துபோன அவருடைய உயிர் நண்பரும், பின்னர் அவருடைய மனைவியும் சம்பந்தப்பட்ட கதை அது.

சாதாரணக் கார்களின் பந்தயம்

கார்ப் பந்தயத்தில் பல வகை உண்டு. ஒருவர் மட்டும் இருந்து ஓட்டும், சக்கரங்கள் வெளியே தெரியும், பந்தயத்துக்கென்றே செய்த கார்கள் ஒரு வகை. வீதியில் ஓடும் சாதாரணக் காரின் தோற்றத்திலேயே இருக்கும் கார்களை ஓட்டுவது இன்னொரு வகை. அமெரிக்காவில் இந்த இரண்டாம் வகையை ஸ்டொக் கார்ப் பந்தயம் என்கிறார்கள். ஆரம்பத்தில் கடையில் விற்கும் கார்களையே கொண்டுவந்து ஓட்டியதால் அந்தப் பெயர் வந்தது. அதை நடத்துவதற்கு 1948 இல் உருவான அமைப்புத்தான் நாஸ்கார். இந்தியாவில் இதற்குக் கிட்டிய பந்தயத்தைச் சலூன் கார்ப் பந்தயம் என்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் அப்படியொரு மூத்த ஓட்டுநர் இருந்தார். பெயர் கே. ஈ. குமார். 2023 ஜனவரி 8 ஆம் திகதி, சென்னைக்கு அருகே உள்ள பந்தயத் தடத்தில், தேசியப் போட்டியின் சலூன் கார்ப் பிரிவில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். இன்னொரு காருடன் உரசியதில் அவருடைய கார் தடத்தை விட்டு விலகி, வேலியை உடைத்துக் கவிழ்ந்தது. உடனே பந்தயத்தை நிறுத்தினார்கள். சில நிமிடங்களில் அவரை வெளியே எடுத்து, தடத்தில் இருந்த மருத்துவ நிலையத்துக்கும் பின்னர் வைத்தியசாலைக்கும் கொண்டு சென்றார்கள். ஆயினும் உயிர் தங்கவில்லை. அவருக்கு வயது 59. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் ஆயுட்கால உறுப்பினர் அவர். அன்றைய மிகுதிப் போட்டிகள் அனைத்தும் அவருடைய நினைவுக்கு மரியாதையாகக் கைவிடப்பட்டன.

இறப்பு நடந்த இடத்தில் வேடிக்கையை நிறுத்துவது நினைவுகூரலின் முதற்படி. தோட்டத்தில் ஒரு லயத்தில் சாவு விழுந்தால் அடுத்த லயத்தில் பாட்டுப் பெட்டியை நிறுத்துகிறோமே, அதைப் போல. அதற்கு அடுத்த படிகள் எவை என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

இரு நண்பர்கள்

டேல் எர்ன்ஹார்ட் 1951 இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்னும் ஊரில் பிறந்தார். அது துணி ஆலைத் தொழிலாளர்களின் ஊர். தகப்பனும் பந்தய ஓட்டுநர். தகப்பன் 45 வயதில் மாரடைப்பால் இறந்தார். மகன் ஒன்பதாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். அவருடைய கறுப்புக் காரின் இலக்கம் 3. போட்டியில் எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் இடித்து முன்னேறுபவர் என்று பெயர் எடுத்தவர். நாஸ்காரின் உயர்ந்த பட்டத்தை ஏழு தடவைகள் வென்றார்.

களத்தில் அவ்வளவு கடுமையான மனிதருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த நீல் பொனட். அவரும் ஸ்டொக் கார் ஓட்டுநர்தான். இருவரும் கூடி வேட்டைக்குப் போவார்கள், மீன் பிடிக்கப் போவார்கள். 1990 இல் நடந்த விபத்தொன்றில் பொனட்டின் தலையில் பலத்த அடிபட்டது. நினைவுகள் சில காலம் தடுமாறின. மூன்று ஆண்டுகள் பந்தயத்தில் இருந்து விலகி, தொலைக்காட்சியில் பந்தய வர்ணனை செய்து வந்தார். ஆனால் மனம் காரிலேயே இருந்தது. எர்ன்ஹார்ட்டின் அணிக்காகக் கார்களைப் பரீட்சித்துப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த வழியாக 1993 இல் மீண்டும் பந்தயத்துக்கு வந்தார். 1994 பெப்ரவரி 11 ஆம் திகதி, புளோரிடா மாநிலத்தின் டேட்டோனா தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது கார் சுவரில் மோதி இறந்தார். வயது 47.

நண்பனின் விருப்பத்துக்குக் கைகொடுத்தவர் அதே விருப்பத்தால் நண்பனை இழந்தார். "போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்" என்று பின்னர் எண்ணி எண்ணி வருந்துவது எங்களில் பலருக்குப் பழகிப்போன துன்பம். எர்ன்ஹார்ட் அந்த ஆண்டு தன் ஏழாவது பட்டத்தை வென்றார். அதை இறந்த நண்பருக்கு அர்ப்பணித்தார்.

ஆனால் பொனட்டின் குடும்பத்துக்கு இன்னொரு கொடுமையும் நேர்ந்தது. புளோரிடாவில் அந்நாட்களில் பிரேதப் பரிசோதனைப் படங்கள் எவரும் கேட்டுப் பெறக்கூடிய பொது ஆவணங்களாக இருந்தன. பொனட்டின் படங்களும், அவர் இறந்து மூன்றாம் நாள் அதே தடத்தில் இறந்த இன்னொரு ஓட்டுநரின் படங்களும் இணையத்தளம் ஒன்றில் போடப்பட்டன. கணவனின், தகப்பனின் உடலை மேசையில் கிடந்த கோலத்தில் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும்படி ஆயிற்று.

2001 பெப்ரவரி 18

அதே டேட்டோனா. அந்த ஆண்டின் முதலாவது பெரிய பந்தயத்தின் கடைசிச் சுற்று, கடைசி வளைவு. முன்னால் ஓடிய இரண்டு கார்களும் எர்ன்ஹார்ட்டின் சொந்த அணியைச் சேர்ந்தவை. முதலாவதில் அவருடைய நண்பர் மைக்கல் வோல்ட்ரிப். 462 பந்தயங்களில் ஓடியும் ஒன்றையும் வெல்லாதவர் அவர். இரண்டாவதில் எர்ன்ஹார்ட்டின் மகன். மூன்றாவதாக வந்த எர்ன்ஹார்ட்டின் கார் இன்னொரு காருடன் உரசித் திரும்பிச் சுவரில் மோதியது. நண்பர் வெற்றிக் கோட்டைக் கடந்த அதே நேரத்தில் அவர் இறந்துகொண்டிருந்தார். வயது 49.

அந்த மோதலில் சம்பந்தப்பட்ட இன்னொரு கார் கென் ஷ்ரேடர் என்பவருடையது. அவர் தன் காரில் இருந்து இறங்கி ஓடிப்போய் எர்ன்ஹார்ட்டின் காருக்குள் எட்டிப் பார்த்தார். மருத்துவ உதவியாளர்களைக் கைகாட்டி அழைத்தார். முதலில் கண்டவர் அவர்தான். ஆனால் தான் அங்கே கண்டதைப் பல ஆண்டுகள் அவர் எவருக்கும் விவரிக்கவில்லை. கேட்காதவர்கள் இல்லை. சொல்லியிருந்தால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கும்.

உண்மையை மறைப்பதும் இப்படி வாய் திறவாமல் இருப்பதும் ஒன்றல்ல. என்ன நடந்தது, எந்தப் பட்டி அறுந்தது, எந்தச் சுவரில் மோதியது என்பவற்றையெல்லாம் விசாரிப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். இறந்தவரின் முகம் எப்படி இருந்தது என்பது ஊருக்குத் தேவையான செய்தி அல்ல. குடும்ப நண்பர் என்பவர் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துப் போகிறவர் மட்டுமல்லர். அந்த வீட்டின் ஆறாத புண்ணைத் தெருவுக்குக் கொண்டுபோகாதவரும் அவர்தான்.

தெரேசா கேட்டது

எர்ன்ஹார்ட்டின் மனைவி தெரேசா பொது இடங்களில் அதிகம் பேசாதவர். பன்னிரண்டு வயது மகள் இருந்தாள். கணவர் இறந்த நான்காம் நாளே அவர் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. கணவரின் பிரேதப் பரிசோதனைப் படங்களை எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டார். பொனட் குடும்பத்துக்கு நேர்ந்தது அவருக்குத் தெரியும்.

மறுபக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். 2000 மே மாதத்தில் இருந்து எர்ன்ஹார்ட் வரையில், ஓர் ஆண்டு நிறைவதற்குள் நாஸ்கார் ஓட்டுநர்கள் நான்கு பேர் இறந்திருந்தார்கள். முதலாவதாக இறந்த அடம் பெட்டிக்கு வயது 19. நான்காம் தலைமுறைப் பந்தய ஓட்டுநர். அவர் இறந்த அதே தடத்தில், அதே வளைவில், இரண்டு மாதம் கழியுமுன் இன்னொருவர் இறந்தார். தலையையும் கழுத்தையும் காக்கும் கருவி அணிந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்களா என்ற கேள்வி இருந்தது. பந்தய அமைப்போ எர்ன்ஹார்ட்டின் ஆசனப் பட்டி அறுந்திருந்தது என்று அறிவித்தது. ஒர்லாண்டோ சென்ரினல் என்னும் செய்தித்தாள், "படங்களைப் பிரசுரிக்க மாட்டோம். ஒரு நிபுணர் பார்த்துக் காரணத்தைச் சொல்லட்டும்" என்று கேட்டது.

இங்கேதான் இந்தக் கதை எங்களுக்குப் பாடமாகிறது. இரு பக்கமும் பிடிவாதமாக நின்றிருந்தால் ஒன்று படங்கள் வெளியே போயிருக்கும், அல்லது காரணம் உள்ளேயே புதைந்திருக்கும். மத்தியஸ்தம் நடந்தது. இரு பக்கமும் சேராத மருத்துவ நிபுணர் ஒருவர் ஒரே ஒரு முறை படங்களைப் பார்ப்பது, பின்னர் அவை முத்திரையிடப்படுவது என்று முடிவாயிற்று. 2001 ஏப்ரலில் அந்த நிபுணர் தன் முடிவைச் சொன்னார். மோதிய வேகத்தில் கட்டுப்பாடின்றி முன்னே வீசப்பட்ட தலையே மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்குக் காரணம், அறுந்த பட்டி முக்கிய காரணம் அல்ல என்பது அவருடைய கருத்து. பந்தய அமைப்பு நடத்திய விசாரணை பின்னர் பட்டியையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எப்படியாயினும் தலையையும் கழுத்தையும் பற்றிய கேள்வியை எவராலும் மூடிவைக்க முடியவில்லை.

இதற்கிடையில் 2001 மார்ச் 29 ஆம் திகதி புளோரிடாவில் புதிய சட்டம் கைச்சாத்திடப்பட்டது. பிரேதப் பரிசோதனைப் படங்களை இறந்தவரின் குடும்பத்தவர் பார்க்கலாம். மற்றவர்கள் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அச்சட்டத்துக்கு எதிராக வழக்குகள் நடந்தன. சட்டம் நிலைத்தது. அந்த மாநிலத்தில் இறந்த பந்தய வீரர்களுக்கு மட்டுமல்லாமல், கொலையுண்ட ஏழைப் பெண்ணுக்கும் வீதியில் அடிபட்ட கூலித் தொழிலாளிக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது.

ஒரு நண்பனின் சாவில் பிறந்த கருவி

தலையையும் கழுத்தையும் காக்கும் அந்தக் கருவிக்கும் ஒரு நட்பின் கதை உண்டு. 1981 இல் ஜிம் டவுனிங் என்னும் ஓட்டுநரின் நண்பர் ஒருவர் பந்தயத் தடத்தில் இதே விதமாக மண்டையோட்டின் அடி உடைந்து இறந்தார். டவுனிங் தன் மைத்துனரிடம் போய், இதற்கு ஒரு வழி செய்ய முடியாதா என்று கேட்டார். மைத்துனர் உடலியக்கம் படித்த பொறியியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து, தோளில் அணிந்து தலைக்கவசத்தைப் பட்டியால் பிணைக்கும் கருவியை 1980களில் உருவாக்கினார்கள். மோதும்போது உடலோடு சேர்ந்தே தலையும் தடுக்கப்படும். கழுத்து வீசி இழுபடாது.

கருவி வந்துவிட்டது. ஆனால் அணிந்தவர்கள் சிலரே. இடைஞ்சலாக இருக்கிறது என்றார்கள். எர்ன்ஹார்ட்டும் அணியவில்லை. அவர் இறந்த பின், 2001 ஒக்டோபரில்தான் நாஸ்கார் அத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டில் இருந்து, மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் சுவர்களும் பந்தயத் தடங்களில் அமைக்கப்படலாயின. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாஸ்காரின் முதல்நிலைப் போட்டிகளில் எந்த ஓட்டுநரும் விபத்தில் இறக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். மருந்து கண்டுபிடித்துக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அது பெட்டியில் இருந்தது. புகழ்பெற்ற ஒருவர் இறந்த பின்பே பெட்டி திறந்தது. "விதி முடிந்தது" என்று சொல்லி அழுதுவிட்டுப் போயிருந்தால் அப்போதும் திறந்திருக்காது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். எர்ன்ஹார்ட்டின் காருடன் உரசிய ஸ்டெர்லிங் மார்லின் என்னும் ஓட்டுநருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆத்திரம் கொண்ட இரசிகர்கள் அவரையே குற்றவாளியாக்கினார்கள். தகப்பனை இழந்த மகன் முன்வந்து, அவர் மேல் பழி போட வேண்டாம் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். காரணத்தைத் தேடுவது வேறு, கையில் அகப்பட்டவர் மேல் பழியைப் போட்டு ஆத்திரத்தை ஆற்றிக்கொள்வது வேறு. பின்னதால் அடுத்த சாவைத் தடுக்க முடியாது.

அடம் பெட்டியின் பெற்றோர் வேறொரு வழியில் மகனை நினைத்தார்கள். கடும் நோயுற்ற பிள்ளைகள் சில நாட்கள் மகிழ்ச்சியாக வந்து தங்கிப் போவதற்கான முகாம் ஒன்றை 2004 இல் வட கரோலினாவில் திறந்தார்கள். அது மகன் உயிரோடு இருந்தபோது கொண்டிருந்த விருப்பம்.

மீரியபெத்தவில்

இனி எங்கள் மலைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை ஏழு மணிக்குப் பின், கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். பலரின் உடல்கள் கடைசிவரை மீட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றானவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

அந்த நாட்களில் இரண்டு விடயங்கள் நடந்தன. ஒன்று, இழந்தவர்களின் எண்ணிக்கையே ஆளுக்கு ஒன்றாகச் சொல்லப்பட்டது. முந்நூறு என்றார்கள், நூறு என்றார்கள், பின்னர் குறைத்தார்கள். மற்றது, அழுகின்ற பெண்களின் முகங்களைச் சுற்றிக் கமராக்கள் நின்றன. முகம் தாராளமாகக் காட்டப்பட்டது. காரணம் அவ்வளவு தாராளமாகப் பேசப்படவில்லை. அந்த இடம் ஆபத்தானது, அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மட்டும் போதுமா? போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாத குடும்பம் எங்கே போகும்? அந்தக் கழுத்துக் கருவியைப் போலத்தான் இதுவும். தெரிந்திருந்தது, ஆனால் செய்யப்படவில்லை.

வடக்கில், 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கைகளில் இருந்த படங்களை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், கலியாணத்தில் எடுத்த படம், பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்த படம். அவை அவர்களே தேர்ந்தெடுத்த முகங்கள். அந்த முகத்தைக் காட்டிக் கொண்டேதான் காரணத்தைக் கேட்டார்கள். தெரேசா நீதிமன்றத்தில் கேட்டதை இந்தத் தாய்மார் எவரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

விபத்து, மண்சரிவு, குண்டு எதுவாயினும், இறந்தவரின் உடல் தெரியும் படமோ காட்சியோ தொலைபேசிக்கு வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடலாம். விசாரணைக்கு உதவும் என்று தோன்றினால் அதை உரிய அதிகாரியிடமோ குடும்பத்தின் சட்டத்தரணியிடமோ கொடுப்பதே முறை. குழுக்களில் போடுவதால் விசாரணைக்குப் பயன் இல்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கருமாதிக்கோ, அந்தியேட்டிக்கோ, ஆண்டு நினைவுக்கோ படம் வைக்கும்போது அவர் வாழ்ந்த கோலத்தில் உள்ள படத்தையே வையுங்கள். படமே இல்லாத வீடுகளும் உண்டு. மீரியபெத்தவில் படங்களும் மண்ணோடு போயின. உறவினர் வீட்டுக் கலியாணப் படத்தில் ஓரமாக நிற்கலாம், பள்ளிக்கூடக் குழுப்படத்தில் இருக்கலாம். அவற்றைத் தேடிப் பிரதி எடுத்துக் கொடுப்பது குடும்ப நண்பர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

பெயர்களை எழுதி வையுங்கள். பெயர், வயது, உறவு, கடைசியாகக் கண்ட இடம், நாள். எண்ணிக்கை பற்றிய குழப்பத்துக்கு நாமே எழுதிய பட்டியல்தான் பதில்.

திடீர் மரணமானால் மரண விசாரணை நடக்கும். அதில் என்ன காரணம் எழுதப்பட்டது என்று கேட்டறிவது குடும்பத்தின் உரிமை. அழுதுகொண்டிருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ அந்த நேரத்தில் அது தோன்றாது. கூடப் போகிறவர் கேட்க வேண்டும், இறப்புச் சான்றிதழை வாசித்துச் சொல்ல வேண்டும்.

ஓர் இடம் ஆபத்தானது என்று ஆய்வு செய்தார்களா, அறிக்கை எங்கே, யாருக்கு அனுப்பினார்கள் என்பவற்றை அரச அலுவலகங்களிடம் கேட்பதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தனி ஆளின் அந்தரங்கத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் அதே சட்டம் காக்கிறது. முகத்தை மூடிக் காரணத்தைத் திறப்பதற்கு எங்கள் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருக்கிறது.

1998 இல் ஒரு நாள் சக்கர நாற்காலியில் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எர்ன்ஹார்ட்டிடம் ஒரு சதக் குற்றியைக் கொடுத்து, இது உங்களுக்கு அதிர்ஷ்டம் தரும் என்றாளாம். அவர் அதைத் தன் காருக்குள் முன்பலகையில் ஒட்டிக்கொண்டார். இருபது ஆண்டுகளாக முயன்றும் வெல்ல முடியாதிருந்த டேட்டோனாப் பந்தயத்தை அந்த முறை வென்றார். போட்டி அணிகளின் ஆட்களெல்லாம் வரிசையாக வந்து அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார்கள். அவரை நினைப்பவர்கள் இன்றும் சொல்லும் கதை அது.

தியத்தலாவையில் இறந்த எழுவருக்கும், மீரியபெத்தவில் மண்ணுக்குள் போனவர்களுக்கும், உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவருக்கும் இப்படி ஒரு கதையாவது இருக்கும். என்ன சாப்பாடு பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில் வந்த காட்சியை அழித்துவிடுங்கள். காரணத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள்.